முத்துலட்சுமியின் தகப்பனாரும் நம் வீட்டு அப்பாக்களும்

(வல்லத்திராக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பந்தலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து கேட்டால் போதும் என்றிருக்கும் அப்பாக்களே! முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. உள்ளே வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சில் பாதி உங்களைப் பற்றியதுதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பொதுவாழ்வைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். புதுக்கோட்டைச் சீமையில் அந்த அம்மாவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டாலே ‘முதல் பெண்’ என்று தொடங்கி ஒரு பட்டியலைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதை நானும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனார். திரும்பி வந்ததும் சென்னைச் சட்டசபை உறுப்பினராகி, 1927-இல் அதன் துணைத் தலைவரானார். காந்தி கைது செய்யப்பட்டபோது, 1930-இல், பதவியை உதறினார். அவ்வை இல்லத்தையும், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். மாநில சமூகநல வாரியத்துக்குத் தலைவராக இருந்தார். 1956-இல் பத்மபூஷண் கிடைத்தது. 1968-இல் மறைந்தார். அவர் பிறந்தநாளை மருத்துவமனை தினமாகக் கொண்டாட 2019-இல் தமிழக அரசு உத்தரவிட்டது. பட்டியல் முடிந்தது.

நான் பேச வந்தது அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒருவரைப் பற்றி. அவர் பெயர் நாராயணசாமி ஐயர். முத்துலட்சுமியின் தகப்பனார்.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பணியாற்றியவர் அவர். மனைவி சந்திரம்மாள் தேவதாசி மரபு உள்ள இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் ஓர் ஐயர் அப்படி ஒரு வீட்டுக்குப் போய் வருவதை ஊர் கண்டும் காணாமல் விட்டுவிடும். அந்தப் பெண்ணோடு குடும்பம் நடத்தி, பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் நானே என்று நின்றால்தான் விடாது. இவர் நின்றார். உறவுக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அந்த வீட்டில் மூத்த மகளாக வளர்ந்தவர் முத்துலட்சுமி.

அந்த நாளில் பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் அதோடு சரி. முத்துலட்சுமிக்கும் அப்படித்தான் நடந்தது. காலாகாலத்தில் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தாயார் கவலைப்பட்டார். தாயாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் குலத்தில் பிறந்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். கல்யாணம் ஒன்றுதான் மகளுக்குக் காப்பு என்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. தகப்பனார் வேறு வழியில் போனார். பெண்ணை வீட்டில் வைத்துத் தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார், மெட்ரிக்குலேஷன் தேர்வும் எழுத வைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ‘தந்தையின் ஊக்கத்தால் படித்தார்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊக்கம் கொடுப்பதற்கு ஒருவருக்கு என்ன செலவு? சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டே கொடுக்கலாம். இவர் செய்தது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வேலை. மெட்ரிக்குலேஷன் என்றால் ஆங்கிலமும் கணக்கும் சரித்திரமும் இருக்கிறது. வேலைக்குப் போய்வந்த மனிதர் மாலையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மகளின் நோட்டைத் திறந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு நாளா, ஒரு மாதமா? வருஷக்கணக்காக. பிள்ளை வளர்ப்பில் ஆண்கள் காலங்காலமாகத் தவிர்த்து வந்திருப்பது இந்த அன்றாடத்தைத்தான். வருஷத்துக்கு ஒரு பெரிய காரியம் செய்யச் சொன்னால் செய்வோம். தினமும் ஒரு சின்னக் காரியம் என்றால் வீட்டில் ஆள் இருக்க மாட்டோம்.

அடுத்து கல்லூரி. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்கு ஒரு பெண் விண்ணப்பித்ததும் ஊரே அமளிப்பட்டது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அம்மாவின் குலத்தைச் சொல்லியும் பேசினார்கள். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே தலையிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பையன்கள் கண்ணில் படாதபடி வகுப்பில் திரை கட்டி உட்கார வைத்தார்களாம். அந்த மன்னரின் கதையும் ஒரு தகப்பன் கதைதான். 1915-இல் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மகனைப் பட்டத்து வாரிசாக ஏற்க வெள்ளைக்கார அரசு மறுத்தது. மனைவியும் மகனுமே முக்கியம் என்று ராஜாங்கத்தை விட்டு வெளிநாட்டில் போய்த் தங்கிவிட்டார். நம் ஊர்க்காரர்கள் இதை இன்னும் ஒரு காதல் கதையாகத்தான் சொல்லி வருகிறார்கள்.

இந்த மாதிரித் தகப்பன் புதுக்கோட்டையில் மட்டும்தான் இருந்தார் என்றும் இல்லை. முத்துலட்சுமி பிறந்த அதே 1886-இல் சென்னையில் இன்னொரு பெண் பிறந்தார். பதினொரு வயதில் விதவையானார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்க வேண்டும் என்று சொந்தபந்தம் சொல்ல, அவர் மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் அந்தப் பெண் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷத்திலேயே மற்ற இளம் விதவைகளுக்காக ஒரு சங்கத்தையும் விடுதியையும் தொடங்கினார். சிஸ்டர் சுப்புலட்சுமி என்று தமிழ்நாடு அறிந்தவர் அவர்தான். தென்னாட்டில் பெண்களுக்கான சமூகப் பணிக்கு அடித்தளம் போட்ட இருவரை எடுத்துக்கொண்டால், இரண்டு பேருக்கும் முதல் வாத்தியார் தகப்பன்தான். ஒன்றுக்கு இரண்டாக இருக்கும்போது தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

முத்துலட்சுமியின் பொதுவாழ்வுக்கு வருகிறேன். சட்டசபையில் அவர் எடுத்துக்கொண்ட பெரிய போராட்டம் தேவதாசி முறை ஒழிப்பு. அதைக் கலை பற்றிய வழக்காகவும் ஒழுக்கம் பற்றிய வழக்காகவும் பலர் பேசியிருக்கிறார்கள். எனக்கு அது தகப்பன்மார் பற்றிய வழக்காகவும் தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு சிறுமியைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டினால் அவள் கணவன் சாமி. அவள் பெறும் பிள்ளைகளுக்கு ஊரறியத் தகப்பன் என்று யாரும் இல்லை. ஊரில் நிலபுலன் உள்ள ஆண் வருவார், போவார். பிள்ளை பிறந்தால் பெயரும் கிடையாது, பங்கும் கிடையாது. மனம் இருந்தால் பணம் அனுப்புவார். குழந்தையைப் பெற்று வளர்த்துப் பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொடுத்துக் கரைசேர்க்கும் பாரம் முழுவதும் பெண்கள் தலையில். தகப்பன் என்ற பொறுப்பே இல்லாமல் ஆண் பிள்ளை பெற்றுக்கொள்ள வழி செய்துகொடுத்த ஏற்பாடு அது. நாராயணசாமி ஐயரின் மகளுக்கு அது எப்படி உறைத்திருக்கும்! அவருடைய அம்மா அந்தக் குலத்தில் பிறந்தவர். அப்பா மட்டும் வேறு விதமாக நடந்துகொண்டதால்தான் இவர் டாக்டராகச் சட்டசபையில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

1927-இல் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தின் சூட்சுமத்தைப் பலர் கவனிப்பதில்லை. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகளுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். சோற்றுக்குப் பயந்தே பெண்ணுக்குப் பொட்டுக் கட்டிய குடும்பங்கள் உண்டு. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களிடமே நிற்கட்டும் என்று திருத்தம் சொன்னது. ஒரு பெண்ணை ஒரு வழக்கத்திலிருந்து மீட்க வேண்டுமானால் முதலில் அவள் சாப்பாட்டுக்கு வழி செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவர்தான் அப்படிச் சட்டம் எழுதுவார். இதற்குத்தான் நான் அவரைச் சமூகப் பணியாளர் என்கிறேன். மேடையில் கொதிப்பவர்கள் அந்தக் காலத்திலும் நிறையப் பேர் இருந்தார்கள்.

அவரை எதிர்த்தவரும் நம் சீமைக்காரர்தான் என்பது வேடிக்கை. தீரர் சத்தியமூர்த்தி திருமயத்தில் பிறந்தவர், அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். நாட்டு விடுதலைக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதர், கோயில் வழக்கத்தில் கைவைக்கக் கூடாது என்று சபையில் முத்துலட்சுமிக்கு எதிராகப் பேசினார். அவருடைய தேசபக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த விஷயத்தில் மட்டும் அந்தப் பெரிய மனிதர் சின்னப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

1930-இல், பொட்டுக் கட்டும் சடங்குக்குத் தப்பி வந்த பெண்பிள்ளைகள் அடைக்கலம் கேட்டு முத்துலட்சுமி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தங்க வைக்க இடம் தேடிப் பார்த்துவிட்டுத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வருவதற்கு இன்னும் 17 வருஷம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அன்று ராத்திரியே பாய் வேண்டும், சோறு வேண்டும், மறுநாள் பள்ளிக்கூடம் வேண்டும். அதை அவர் செய்தார்.

1947-இல் சட்டம் வந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பொட்டுக் கட்டும் சடங்கை நடத்துகிறவர்களுக்கும் உடந்தையாக இருக்கிறவர்களுக்கும் தண்டனை என்றது சட்டம். அதாவது அந்த வீட்டுக் கிழவிகளும் தாய்மாரும் குற்றவாளிகள் ஆனார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வீடுகளில் பிள்ளை பெற்றுக்கொண்ட கனவான்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நாட்டியத்தையும் இசையையும் கட்டிக் காத்த பெண்களுக்கு அந்தச் சட்டத்தால் அவமானமும் சேர்ந்தே வந்தது என்று இன்று ஆய்வாளர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. அதற்காக முத்துலட்சுமி செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். பாதி வேலை மிச்சம் இருந்தது என்பேன். அந்தப் பாதி தகப்பன்மார் பக்கத்துப் பாதி.

அவர் கணவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமமாக மதிக்க வேண்டும், விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற உறுதியை வாங்கிக்கொண்டுதான் முத்துலட்சுமி கல்யாணத்துக்குச் சம்மதித்தார். சுந்தர ரெட்டி அந்த வாக்கைக் காப்பாற்றினார். 1925-இல் மனைவி லண்டனுக்குப் படிக்கப் போனபோது குடும்பமும் சேர்ந்து கப்பல் ஏறியது. இரண்டு பையன்களில் ஒருவரான கிருஷ்ணமூர்த்தி பின்னாளில் புற்றுநோய் அறுவை மருத்துவராகி, அம்மா தொடங்கிய அடையாறு மருத்துவமனையைத் தோளில் சுமந்தார். முத்துலட்சுமியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கம்தான் 31 வருஷம் கழித்து அந்த மருத்துவமனை ஆயிற்று. வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. சினிமா ரசிகர்களுக்காக ஒரு செய்தி: ஜெமினி கணேசனுக்கு இந்த அம்மா அத்தை முறை. இதைச் சொன்னால்தான் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்!

சரி, நம் காலத்துக்கு வருவோம். ‘டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி’ என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அதிகமாக உச்சரிக்கிறவர்கள் கர்ப்பிணிப் பெண்கள். அவர் பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயில் ஆரம்பித்தது. 2006-இல் 6,000 ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். நாட்டிலேயே முன்மாதிரியான திட்டம். இங்கே இருக்கும் தாய்மார்களில் பலர் வாங்கியிருப்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள். கர்ப்பிணிப் பரிசோதனை நாள். உள்ளே பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் தாய்-சேய் நல அட்டை, மடியில் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ. எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். வெளியே வேப்பமரத்தடியில் பைக் வரிசை. வண்டிக்கு ஒரு ஆண், கையில் செல்போன். நர்சம்மா ஒரே ஒரு தடவை வாசலுக்கு வந்து அவரைக் கூப்பிடுவார்: “இந்தம்மா வீட்டுக்காரர் யாருங்க? ஆதார் ஜெராக்ஸ் கொண்டாந்தீங்களா?” அவரும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி மரத்தடிக்குப் போய்விடுவார். ஒன்பது மாதத்தில் ஒரு தகப்பனுக்கும் அரசாங்கத்துக்கும் நடக்கும் முழுப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அவர்மேல் மட்டும் குற்றம் இல்லை. அவரை உள்ளே கூப்பிட நம்மிடம் ஏற்பாடே கிடையாது. உட்கார இடம் இல்லை. பெண்கள் இருக்கிற இடம் என்று அவரே கூச்சப்பட்டு ஒதுங்குகிறார். பிரசவ நேரத்தில் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று நம் அரசு மருத்துவமனைகளில் வெகுநாளாக ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடு. அந்தத் துணை பெண் உறவினராக இருக்க வேண்டும். ஒரே அறையில் பத்துப் பேர் இருக்கும் வார்டில் வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனாலும் வலி எடுத்ததும் 108-க்குப் போன் செய்து, கூடவே வந்து, ராத்திரி முழுக்க வராந்தாவில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தவனிடம், மறுநாள் பிள்ளையைக் காட்டும்போதாவது எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை.

குடும்பக் கட்டுப்பாட்டிலும் இதே கதை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று சொல்கிறது: கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு. தையல் இல்லாத, கத்தி இல்லாத சிகிச்சை ஆணுக்கு இருக்கிறது. அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்திருப்பது மட்டும் பெண்ணுக்கு. 2019-இல் மத்திய அரசு நாடு முழுக்க மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். ‘செய்கிற’ ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

தகப்பனாக இருக்க நேரம் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து வழக்கு ஒன்று இருக்கிறது. 2023-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. ஒரு காவல் ஆய்வாளர், மனைவியின் பிரசவத்துக்காக விடுப்புக் கேட்டார். முதலில் கொடுத்தார்கள், பிறகு சட்டம் ஒழுங்கைக் காட்டி ரத்து செய்தார்கள். அவர் மனைவியோடு இருந்தார். பணியை விட்டு ஓடிப்போனவர் என்று உத்தரவு போட்டார்கள். நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்தார். தந்தைமை விடுப்புக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாத குறையையும் தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். பெற்ற பிள்ளையைப் பார்க்க வீட்டில் இருந்தவனுக்கு ஓடுகாலி என்று பெயர்! உண்மையில் ஓடிப்போகிற தகப்பன்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த அலுவலகமும் மெமோ கொடுப்பதில்லை.

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, இரண்டு பிள்ளை வரைக்கும். தனியார் துறையில் முதலாளியின் மனசைப் பொறுத்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு மசோதாவை மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ராஜீவ் சாதவ் என்ற உறுப்பினர் 2017-இல் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் தலைவிதிதான் அதற்கும், சட்டமாகவில்லை. அதே வருஷம் பெண்களின் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. நல்லது. ஆனால் அம்மாவுக்கு ஆறு மாதம், அப்பாவுக்குச் சுழியம் என்று வைத்தால், பெண்ணை வேலைக்கு எடுக்கவே முதலாளி யோசிப்பான். சுவீடன் 1974-லேயே அப்பாவும் எடுக்கலாம் என்று பெற்றோர் விடுப்பாக மாற்றியது. சட்டத்தில் இடம் கொடுத்தும் ஆண்கள் எடுக்கவில்லை. அப்பா எடுக்காவிட்டால் அந்த நாட்கள் குடும்பத்துக்கே கிடையாது என்று பின்னால் விதியை மாற்றிய பிறகுதான் எடுக்க ஆரம்பித்தார்கள். ஆண் எங்கும் ஆண்தான் போலிருக்கிறது.

இங்கே விவசாயக் கூலிக்கும் கொத்தனாருக்கும் விடுப்புப் பேச்சு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். விடுப்பைவிட உங்கள் பக்கத்தில் பெரிய பிரச்சினை தூரம். இந்தத் திருவரங்குளம், ஆலங்குடிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருக்கிறார். கஜா புயலில் தென்னை சாய்ந்த பிறகு கிளம்பியவர்களை உங்களுக்கே தெரியும். பிள்ளைக்கு அப்பா என்றால் செல்போனில் தெரியும் ஒரு முகம். அதிலும் ஒரு கொடுமை உண்டு. சிங்கப்பூரில் அரசே சம்பளம் கொடுக்கும் தந்தைமை விடுப்பு இன்று நான்கு வாரம். ஆனால் பிறக்கும் குழந்தை அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். அங்கே கட்டடத்தில் சாரம் கட்டுகிற ஆலங்குடிக்காரருக்கு அந்த விதி எட்டாது. அவர் பிள்ளை புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரியில் பிறக்கிறது, அவர் படத்தைப் போனில் பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறார்.

அவரைப் பார்த்து நல்ல அப்பாவாக இரு என்று உபதேசம் செய்ய எனக்கு நா கூசுகிறது. அவர் அனுப்பும் பணம்தான் அந்தப் பிள்ளையின் பால். நான் கேட்பது ஊரில் இருக்கிறவர்களிடம். போனில் பேசும்போது “நல்லா படிக்கிறியா?” என்பதோடு முடிக்காமல், இன்றைக்கு என்ன பாடம், எந்தக் கணக்கு வரவில்லை என்று கேட்க, சித்தப்பாவும் தாய்மாமனும் பிள்ளையின் நோட்டை அந்தக் காமிராவில் காட்டட்டும். கணக்கு தெரிய வேண்டும் என்பதில்லை, உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பழக்கமில்லாத வேலையைப் பழகுவது புதுக்கோட்டைக்குப் புதிதா? 1991-இல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். பெண்கள் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளே தேவலை என்று சில பெண்கள் சொன்னதையும் குறித்திருக்கிறார். காரணம், அதில் நடுவே உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அதுவரை அப்பா வந்தால்தான் பிள்ளைக்குச் சைக்கிள் சவாரி. கேலி செய்த ஆண்கள் நிறைய. ஆண் செய்யும் வேலையைப் பெண் பழகியதை இந்த மாவட்டம் பார்த்துவிட்டது. பெண் செய்யும் வேலையை ஆண் பழக ஓர் இயக்கம் ஏன் வரவில்லை என்று இயக்கம் நடத்தியவர்களே யோசிக்க வேண்டும்.

நம் சட்டப் புத்தகத்திலும் தகப்பன் வேடிக்கையான ஆள்தான். 1956-ஆம் வருஷத்து இந்து இளையோர் காப்பாளர் சட்டம், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், ‘அவருக்குப் பின்’ தாய் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்கப் போனபோது ரிசர்வ் வங்கி அப்பாவின் கையெழுத்தைக் கேட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ‘பின்’ என்றால் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, தகப்பன் பிள்ளையைக் கவனிக்காமல் இருந்தாலும் தாயே காப்பாளர் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. கவனிக்கிறவர்தான் காப்பாளர் என்ற திசையில் நீதிமன்றம் ஓர் அடி வைத்தது. கையெழுத்துப் போடும் உரிமையில் தகப்பனுக்கு முதலிடம், கைக்குழந்தைக்குக் கால் கழுவுவதில் கடைசி இடம் என்று இருந்த கணக்கில் அது ஒரு நல்ல விரிசல்.

முத்துலட்சுமி தகப்பன்மார் இயக்கம் என்று எதையும் நடத்தவில்லை. சட்டமும் மருத்துவமனையும் விடுதியும் கட்டினார். அந்த மூன்றும் பெண்களையும் பிள்ளைகளையும் ஆண்கள் விட்டுப்போன இடத்திலிருந்து தூக்கி நிறுத்தின. அவர் பெயரில் உள்ள திட்டமும் அதையே செய்கிறது. அது நிற்கட்டும். கூடவே, ஆண்கள் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்றும் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அதனால் சின்னதாக ஒன்று கேட்கிறேன். வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. வழக்கமாகக் குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று பேசி முடிப்போம். அடுத்த சபையில் இன்னொரு தீர்மானத்தையும் வையுங்கள். கர்ப்பிணிப் பரிசோதனை நாட்களில் ஒரு நாளையாவது, ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, கணவரும் உள்ளே வந்து உட்காரும் நாளாக மருத்துவ அலுவலர் அறிவிக்கட்டும். ரத்தசோகை என்றால் என்ன, அபாய அறிகுறி எது, எந்த வண்டியை எப்போது கூப்பிடுவது என்று அவரிடமே சொல்லட்டும். பிறந்த பிறகு புதன்கிழமைத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தகப்பன் தூக்கி வந்தால் ‘அம்மா வரலையா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதிருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி, நல்ல விதி. மீதி இடத்து ஆண்கள் வரவேண்டுமானால் வேலைநாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துப் பயனில்லை. கூலி வேலை முடியும் நேரத்துக்கு மேல் வையுங்கள். இதில் எதற்கும் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் போதும்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று தயக்கம் இருந்தால், கூட்டம் முடிந்ததும் ஊராட்சிமன்றத்தார் இங்கேயே உட்காருங்கள், வாசகத்தைச் சேர்ந்து எழுதிவிடலாம். எதிர்ப்பு இருக்கிறவர்களும் இருங்கள். ‘ஆம்பளை எதுக்குங்க அங்கெல்லாம்’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த ஐயாவிடமிருந்தே கேள்வி நேரத்தைத் தொடங்குவோம்.